கொத்துச் சத்தம்

பரோட்டாக் கல்லைத் தூக்க வண்டியோட ரெண்டு ஆளையும் கூட்டிக்கிட்டே வந்துட்டீங்க. அவங்க அந்த வேப்பமரத்தடியிலேயே நிக்கட்டும் தம்பி. சாக்கை இப்பவே விரிக்க வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க மட்டும் உள்ளே வாங்க. குனிஞ்சு வாங்க, நிலை தலையில இடிக்கும்.

கட்டில்ல உட்கார்ந்திருக்காரே, அவர்தான் காளி மாஸ்டர். முழுப்பேர் உச்சிமாகாளி. வணக்கம் சொல்லுங்க, புரிஞ்சுக்குவார். பார்த்தீங்களா, "இந்தா"ங்கிறார். உங்களை வாங்கன்னு கூப்பிடுறார். இப்போ அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான். தண்ணி வேணும்னாலும் இந்தா, வேண்டாம்னாலும் இந்தா. ஒண்ணுக்கு வந்தாலும் இந்தா, வந்து முடிஞ்சாலும் இந்தா. கடையில தட்டை நீட்டுறப்போ காலமெல்லாம் சொன்ன வார்த்தை, அது மட்டும் உள்ளே ஒட்டிக்கிட்டு நிக்குது. என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார், கல்யாணம் ஆன நாள்ல இருந்து. பேச்சியம்மான்னு எனக்கு எதுக்குப் பேர் வச்சாங்களோ. அதனால எனக்கு இது பெரிய வித்தியாசமாத் தெரியலை.

கல்லைப் பார்க்கணுமா? பாருங்க, பார்க்கிறதுக்கு என்ன. கொல்லைக் கதவுக்குப் பக்கத்துல, சாக்கு போட்டு மூடியிருக்கு. விலக்கிப் பாருங்க. எங்கேயாவது துரு இருக்கா? வெள்ளிக்கிழமை தவறாம எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன். எரியுற கல்லைவிட எரியாத கல்லுக்குத்தான் எண்ணெய் அதிகம் வேணும், உங்களுக்குத் தெரியாததா. நடுவுல லேசாப் பள்ளம் விழுந்திருக்கும். அது குறை இல்லை. எண்ணெய் அங்கேதான் வந்து நிக்கும். சுரண்டையில கடை போடுறது பஸ் ஸ்டாண்டு பக்கமா? நல்லா ஓடும். நல்லா இருங்க. ஆனா இந்தக் கல்லு விக்கிறதுக்கு இல்லை தம்பி.

கோபப்படாதீங்க. உங்க மேல தப்பே இல்லை. என் மகன் பாண்டி திருப்பூர்ல இருந்துகிட்டு போன்லேயே உங்ககிட்ட எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நேத்து சாயங்காலம்தான் சொல்றான், "யம்மா, நாளைக்கு சுரண்டையில இருந்து ஒரு மாஸ்டர் வருவாரு, கல்லைக் குடுத்து விட்டுரு"ன்னு. "உங்கப்பா எந்திரிச்சு வந்து எங்கடா கல்லுன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"ன்னேன். அந்தப் பக்கம் தறி ஓடுற மாதிரி மிஷின் சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம், "யம்மா, அப்பா எந்திரிக்க மாட்டாரும்மா"ங்கிறான். பெத்த பிள்ளை வாயில வர்ற வார்த்தையா இது?

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்க. இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்க. மாஸ்டர் மனசு மாஸ்டருக்குத்தான் தெரியும். நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. விக்கத்தான் வேணும்னு நீங்க சொன்னா, நானே சாக்கை விரிக்கிறேன். ஆனா முழுசாக் கேக்கணும். பாண்டி மாதிரி பாதியில போனை வைக்கக் கூடாது.

எங்க கடைக்கு வாசுதேவநல்லூர்ல கொத்துக்குத்தான் பேர். வீச்சும் போடுவார், பொரிச்சதும் போடுவார், ஆனா ஜனம் வர்றது கொத்துக்கு. தெருமுனையில வர்றப்பவே சத்தம் கேக்கும். ரெண்டு கையிலயும் தகடு. முதல்ல மெதுவா, பரோட்டாவைப் பிய்ச்சுப் போடுற மாதிரி. முட்டை விழும், வெங்காயம் விழும், சால்னா விழும். அப்புறம் பிடிக்கும் பாருங்க வேகம். ஏற ஏற ஏறிக்கிட்டே போயி, கடைசியில ஒரே வழிப்பு, கொத்து தட்டுக்கு வந்துரும். "இந்தா." நான் பின்னால வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருப்பேன். எட்டிப் பார்க்க மாட்டேன். சத்தத்தை வச்சே இது முட்டைக் கொத்து, இது கறிக் கொத்துன்னு சொல்லிருவேன். அஞ்சாம் வகுப்போட எனக்குப் படிப்பு முடிஞ்சது. ஆனா இந்தச் சத்தத்துல பரீட்சை வச்சா நூத்துக்கு நூறு வாங்குவேன்.

போன வருஷம் ஆடித் தபசுக்கு சங்கரன்கோவில் போயிட்டுத் திரும்புற கூட்டம். கடையில கால் வைக்க இடம் இல்லை. சத்தம் ஏறிக்கிட்டே வந்து, வழிப்பு இல்லாம நின்னுபோச்சு. என் காதுக்கு அது படி தவறின மாதிரி இருந்தது. அரிவாமனையை அப்படியே போட்டுட்டு வெளியே வந்தேன். வலது கை கல்லு மேல கிடக்கு தம்பி. அடுப்பு எரியுது. கை கல்லு மேல கிடக்கு. வேற யாரோட கையையோ பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார். எடுக்கலை. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு. முன் பெஞ்சுல இருந்த ஒருத்தன் சிரிக்கிறான், "மாஸ்டர் இன்னைக்கு ஏத்திட்டுல்லா வந்திருக்காரு"ன்னு. நான்தான் ஓடிப்போயி கையைத் தூக்கினேன். பாருங்க, உள்ளங்கைத் தழும்பு இன்னும் மாறலை. இருங்க, விரலை விரிச்சுக் காட்டுறேன். எப்பவும் இப்படித்தான் மூடியே இருக்கும். விரல் விரலா நெம்பித்தான் எடுக்கணும். பாருங்க.

பக்கவாதம்னு சொன்னாங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சு, ஒரு பங்கு செத்துப்போச்சாம். படத்துல காட்டினாங்க. தோசையில ஒரு ஓரம் கருகின மாதிரி இருந்தது. அந்தக் கருகின இடத்துலதான் அவர் வலது கையும், வலது காலும், பேச்சும் இருந்துச்சாம். காலு கொஞ்சம் வந்தது, இழுத்து இழுத்து கொல்லை வரைக்கும் நடப்பார். பேச்சுல மூணு வார்த்தை வந்தது. இந்தா, சரி, பாண்டி. கை மட்டும் வரவே இல்லை.

ரெக்சின்னு ஒரு பாப்பா, பயிற்சி கொடுக்க வீட்டுக்கே வரும். நல்ல பிள்ளை. கையை மடக்கி நீட்டிக்கிட்டே எனக்கு விளக்கம் சொல்லும். "பாலம் உடைஞ்சு போச்சுன்னா பஸ்ஸை நிறுத்திருவாங்களாம்மா? குளத்துக்கரையைச் சுத்தி விடுவாங்கல்ல? மூளையும் அப்படித்தான். செத்துப்போன இடத்தைச் சுத்திப் புதுசு புதுசா வழி போட்டுக்கும். நாமதான் விடாம அசைச்சுக் குடுக்கணும்." இதைச் சொன்னது யாரு? படிச்ச பிள்ளை. ஞாபகம் வச்சுக்கோங்க தம்பி, பின்னால வரும்.

நான் விடாம அசைச்சேன். காலையில தைலம், மத்தியானம் வெந்நீர் ஒத்தடம், சாயங்காலம் மறுபடியும் தைலம். குளத்துக்கரையில பஸ் வருதா, குளத்துக்கரையில பஸ் வருதான்னு அந்தக் கையையே பார்த்துக்கிட்டு இருப்பேன். ஒரு விரல் அசையலை. கார்த்திகை போச்சு, தை போச்சு. ரெக்சி பாப்பாவும் வாரத்துக்கு ஒரு தடவை வந்து, அப்புறம் எப்பவாவது வந்து, கடைசியில, "ஆறு மாசம் தாண்டினா கொஞ்சம் கஷ்டம்தான்மா"ன்னு சொல்லிட்டு நின்னுபோச்சு. வாசல்ல செருப்பை மாட்டுறப்போ என் மூஞ்சியைப் பார்க்கலை.

டீயில இனிப்பு போதுமா? பால் கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும். பால்காரர் சொன்னாக் கேக்க மாட்டார்.

மாசி மாசம். காலையில கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்கேன். திடீர்னு, "இந்தா, இந்தா, இந்தா"ன்னார், அவசர அவசரமா. இடது கையால என் சேலையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார். என்னன்னு பார்த்தா, வலது கை கட்டைவிரல் துடிக்குது.  கட்டைவிரல்ல இருந்து மத்த விரலுக்குப் போச்சு. மணிக்கட்டுக்கு வந்தது. கட்டில் கம்பியில கை பட்டு, டக்கு, டக்கு, டக்கு. அளந்து அடிச்ச மாதிரி. "ஆத்தா, கை வந்துருச்சு! கை வந்துருச்சு!"ன்னு நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிப்போச்சு.

பக்கத்து வீட்டு மூக்கம்மா மதினி கொத்துச் சாவியோட ஓடி வந்தா. "அடி கோட்டிக்காரி, இது வலிப்புடி, இரும்பைக் குடு, இரும்பைக் குடு"ன்னு கையில சாவியைத் திணிச்சா. சாவி கலகலன்னு ஆடுது. நான் பிடுங்கி எறிஞ்சேன். வலிப்பை நான் பார்க்காதவளா? எங்க பெரியப்பா மகனுக்கு உண்டு. வெட்டுன மரம் மாதிரி விழுவான், நுரை தள்ளும். இவர் விழுந்தாரா? நுரை தள்ளிச்சா? கண்ணைத் திறந்துகிட்டு, தன் கையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். கண்ணுல தண்ணி தாரை தாரையா ஓடுது. செத்த கை பிழைச்சு வந்தா யாருக்குத்தான் அழுகை வராது? அப்புறம் அப்படியே சாஞ்சு சாயங்காலம் வரைக்கும் தூங்கினார். அத்தனை நாள் சும்மா கிடந்த கை வேலை செஞ்சா அசதி இருக்காதா?

சந்தோஷத்தை ஒளிக்கத் தெரியாது எனக்கு. அதுதான் நான் செஞ்ச தப்பு. பாண்டிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அடுத்த நாளே வந்து நின்னான். அப்பாவைப் பார்க்க வர்றான்னு கோழி அடிச்சு வச்சேன். திங்கக்கூட இல்லை, கார் பிடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டான்.

அங்கே தலை பூரா பசையைத் தடவி, பூச்சி பூச்சியா ஒயரை ஒட்டி வச்சு, மூளையில ஓடுற கரண்டைப் படம் எடுத்தாங்க. அந்தப் பசையைத் தலையில இருந்து எடுக்க எனக்கு ஒரு பாட்டில் ஷாம்பு ஆச்சு. படத்தைப் பார்த்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க, சின்ன வயசுதான், பொறுமையாத்தான் சொன்னாங்க. "செத்துப்போன இடத்தைச் சுத்தி இருக்கிற நரம்பெல்லாம் மாறிப்போச்சும்மா. முன்னாடி தனித்தனியாப் பேசிக்கிட்டு இருந்த இடமெல்லாம் இப்போ தாறுமாறா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கு. ஒரு வீட்டுல சத்தம் போட்டா தெருவே சேர்ந்து சத்தம் போடுது. அதுதான் கையில துடிப்பா வருது. பக்கவாதம் வந்து மாசக்கணக்கு ஆனப்புறமும் இப்படி வரும். இது வலிப்புதான்."

நான் விடுவேனா? "அப்போ புது வழி போட்டிருக்குன்னுதானே அர்த்தம்?"னு கேட்டேன்.

"ஆமா. ஆனா அந்தப் புது வழிதாம்மா நோய்."

கேட்டீங்களா தம்பி? ரெக்சி பாப்பா, புது வழி போட்டாத்தான் கை வரும்னு சொல்லுது. டாக்டரம்மா, புது வழி போட்டுட்டதுதான் நோய்ங்கிறாங்க. ரெண்டு பேரும் படிச்சவங்க. பஸ் குளத்துக்கரையில வந்தா நல்லது, வந்துட்டா கெட்டதா? இதுல எதை நம்ப? அவங்க கேட்ட கேள்வி இன்னும் நல்லா இருந்தது. "நீங்க அசைக்கச் சொன்னா அவர் அந்தக் கையை அசைக்கிறாராம்மா?"ன்னாங்க. நல்ல கதை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சொல்லி அந்த மனுஷன் எதை அசைச்சிருக்கார்? பாண்டிகூட அந்த நேரத்துல சிரிச்சிட்டான். டாக்டரம்மா சிரிக்கலை.

காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. "ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. நீங்களா நிறுத்தவும் கூடாது. நிறுத்தினா, ஒரு நாள் உடம்பு பூரா பரவி நிக்காம அடிக்கும். அப்போ உயிருக்கே ஆபத்து." இதை ரெண்டு தடவை சொன்னாங்க, ஒரு தடவை என்கிட்ட, ஒரு தடவை பாண்டிகிட்ட. அவங்க வேலை பயமுறுத்துறது. அம்மை போட்ட வீட்டுல பயமுறுத்துற மாதிரி.

மாத்திரை போட்டு ஒரு வாரம் ஆகலை, கை நின்னுபோச்சு.

சுத்தமா நின்னுபோச்சு தம்பி. பழையபடி ஆணி அடிச்ச கை. அதோட விட்டுச்சா? மனுஷன் நனைஞ்ச சாக்கு மாதிரி ஆயிட்டார். உட்கார வச்சா உட்கார்ந்த இடம், படுக்க வச்சா படுத்த இடம். அடுத்த தடவை போனப்போ சண்டையே போட்டேன். "கையை நிறுத்திப்புட்டீங்களே தாயி"ன்னு. "அதுக்குத்தானேம்மா மாத்திரை"ங்கிறாங்க. "சரி, மாத்திரை போட்டுக்கிட்டே இருந்தா நிஜக் கை எப்போ வரும்?"னு கேட்டேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க, "எதிர்பார்க்காதீங்கம்மா."

எதிர்பார்க்காதேன்னா என்ன தம்பி அர்த்தம்? காலையில எந்திரிச்சு, பல் விளக்கி விட்டு, கழுவி விட்டு, கஞ்சி ஊட்டி, மறுபடியும் கழுவி விட்டு, இது எல்லாத்தையும் எதையும் எதிர்பார்க்காமச் செய்யணுமா? அவங்க வீட்டுல சோறு பொங்குறப்போ வேகும்னு எதிர்பார்க்காமலா அரிசி போடுறாங்க?

நீங்களே யோசிச்சுப் பாருங்க. மாத்திரை போட்டா கை இல்லை. போடலேன்னா கை உண்டு, ஆனா அது கை இல்லையாம். எனக்கு எது வேணும்? சித்திரை பொறந்ததும் நிறுத்திட்டேன்.

எல்லாத்தையும் இல்லை, என்னை அவ்வளவு விவரம் கெட்டவள்னு நினைச்சுராதீங்க. ரத்த அழுத்தத்துக்குக் குடுக்கிறேன், ரத்தம் கட்டாம இருக்கக் குடுக்கிறேன். அந்தக் கையை நிறுத்துற மாத்திரை மட்டும் இல்லை. பாண்டி தினம் போன் போட்டு, "மாத்திரை போட்டாராம்மா?"ங்கிறான். "போட்டாரு"ங்கிறேன். பொய் இல்லையே. போட்டிருக்காரே.

பத்து நாள் கூட ஆகலை. "இந்தா, இந்தா"ன்னு என் சேலையைப் பிடிச்சார். எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்தத் தடவை நான் கத்தலை. கதவைச் சாத்திட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன். டக்கு, டக்கு, டக்கு. எவ்வளவு நாளாச்சு அந்தச் சத்தம் கேட்டு. அப்போதான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. மாடத்துல இருந்த கொத்துத் தகட்டை எடுத்தேன். கைதான் எப்பவும் மூடி இருக்கே, விரலை நெம்பி உள்ளே வச்சா அதுவே இறுகப் பிடிச்சுக்கிச்சு. கீழே இரும்புச் சட்டியைக் கவுத்து வச்சேன். ஐயோ தம்பி, கடையே வீட்டுக்குள்ளே வந்துட்ட மாதிரி இருந்தது. தெருவுல போன பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன மதினி, முட்டைக் கொத்தா, கறிக் கொத்தா?"ன்னு கேக்கிறார். நான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். ஆடித் தபசுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சேன்.

அதுல இருந்து வருது. முதல்ல வாரத்துக்கு ஒரு தடவை. இப்போ ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல்ல விரலோட நின்னது. அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முழங்கை, போன வாரம் தோள் வரைக்கும் ஏறிச்சு. நேத்து முந்தாநாள் வாய் ஓரமும் சேர்ந்து துடிச்சது, இப்பவோ அப்பவோ பேசிருவார் போல. உயிர் படிப்படியா ஏறி வருது. இதைப் போயி நோய்னு சொன்னா எப்படி?

ஒண்ணே ஒண்ணுதான். பேச்சு குறைஞ்சிருக்கு. சரியும் போச்சு, பாண்டியும் போச்சு. இந்தா மட்டும்தான் இருக்கு. அது அந்த மாத்திரை செஞ்ச வேலை. உள்ளே போன விஷம் உடனேயா இறங்கும்? சில நாள் என்னையே யாருன்னு தெரியாத மாதிரி பார்ப்பார், பொழுது சாயுற வரைக்கும். அதுவும் மாத்திரைதான்.

இன்னொண்ணும் இருக்கு. உங்ககிட்ட மறைப்பானேன், நீங்க மாஸ்டர். கொத்து போடுறப்போ முடிவுல வேகம் ஏறும்ல? இதுல முடிவுல வேகம் குறையுது. குறைஞ்சு, குறைஞ்சு, ஒவ்வொண்ணா விழுந்து நின்னுருது. வழிப்பும் இல்லை. நான் காது குடுத்துக் கேட்டுட்டேன், ஒரு தடவைகூட வழிப்பு இல்லை. அசதியா இருக்கும்னு நினைக்கிறேன். பழக்கம் விட்டுப்போன கைதானே. நீங்க என்ன நினைக்கிறீங்க? அசதிதானே?

ஏன் டீயைக் குடிக்காம வச்சிருக்கீங்க? ஆறிப்போயிருக்கும். குடுங்க, சுட வச்சுத் தர்றேன்.

தம்பி, நான் ஒண்ணும் அறியாதவ இல்லை. மூக்கம்மா மதினி சொல்றா, டாக்டரம்மா சொல்றாங்க, பெத்த மகன் சொல்றான். எல்லாரும் ஒண்ணையே சொன்னா அதுல ஏதோ இருக்கும்னு எனக்கும் தெரியாதா. ஆனா அவங்க எல்லாரும் சொல்லிட்டு அவங்க அவங்க வீட்டுக்குப் போயிடுறாங்க. நான் இங்கே இந்தக் கையோட இருக்கேன். இது இல்லேன்னா வேற என்ன இருக்கு, நீங்க சொல்லுங்க. சும்மா கிடக்கிற கையும் சாக்குப் போட்ட கல்லும். அந்தக் கல்லையும் நீங்க கொண்டு போயிட்டா...

இந்தா வந்துட்டேன், வந்துட்டேன். ஏன் இப்படிச் சேலையைப் பிடிச்சு இழுக்குறீங்க, இங்கேதானே இருக்கேன். தம்பி, கிட்டத்துல வாங்க. உங்களுக்கு நல்ல நேரம், நீங்களே பார்த்துருவீங்க. கட்டைவிரலைப் பாருங்க, கட்டைவிரலை. பார்த்தீங்களா? வந்துருச்சு! அந்த மாடத்துல தகடு இருக்கு, எடுங்க, சீக்கிரம். இங்கே குடுங்க. விரலை இப்படி நெம்பி... பிடிங்க மாஸ்டரே, பிடிங்க. சட்டியை இப்படிக் கிட்டத்துல தள்ளிக்கலாம். கேளுங்க. பேசாம நின்னு கேளுங்க.

டக்கு, டக்கு, டக்கு.

என்ன தம்பி சாவியை எடுக்குறீங்க? நீங்களுமா? உள்ளே வைங்க அதை. கையில இரும்பு இருக்கே, அது போதாதா.

மணிக்கட்டு வந்தாச்சு. முழங்கை. தோள். வாயைப் பாருங்க, என்னமோ சொல்ல வர்றார். சொல்லுங்க, சொல்லுங்க, பாண்டின்னு சொல்லுங்க... ஐயோ, காலு! காலும் வருது தம்பி! இத்தனை நாள்ல கையோட சேர்ந்து கால் வந்ததே இல்லை! நீங்க வந்த நேரம், காலும் வருது. சொல்லுங்க இப்போ. நீங்க மாஸ்டர், உங்களுக்குத் தெரியும். இது கொத்துதானே? ஏன் என் மூஞ்சியைப் பார்க்குறீங்க, கையைப் பாருங்க. கையைப் பார்த்துச் சொல்லுங்க.

இப்போ குறையும். இந்நேரம் குறைய ஆரம்பிக்கும். குறைஞ்சு, குறைஞ்சு, நிக்கும்.

குறையலையே.

அந்தப் பக்கக் கையும் ஆடுதே. அது நல்ல கைதானே, அது ஏன் ஆடுது? தம்பி, அது ஏன்? என்னங்க... என்னங்க, போதும். கொத்து ஆயிருச்சு, போதும். வழிச்சுப் போடுங்க. தட்டு இந்தா இருக்கு, வழிச்சுப் போடுங்க. ஆளு காத்துக்கிட்டு இருக்காங்க, போதும், விடுங்க... கண்ணு மேல போகுதே. உதடு நீலமா ஆகுது. என்னங்க!

தம்பி, உங்க ஆளுங்களை உள்ளே வரச் சொல்லுங்க. கல்லுக்கு இல்லை. கல்லுக்கு இல்லைய்யா, இவரைத் தூக்கணும். சாக்கை வண்டியில விரிங்க. ஒருச்சாய்ச்சுப் பிடிங்க, வாய்த் தண்ணி உள்ளே போயிராம. கால்மாட்டுல ஒருத்தர். தலையை நான் பிடிச்சுக்கிறேன். நிலை இடிக்கும், குனிஞ்சு, குனிஞ்சு. மூக்கம்மா மதினி, சத்தம் கேட்டு வந்துட்டியா, கதவைச் சாத்திக்கோ. பாண்டிக்கு... பாண்டிக்கு நீயே சொல்லு.

பெரிய ஆஸ்பத்திரிதான், வேற எங்கே. டாக்டரம்மா என்ன கேப்பாங்கன்னு தெரியும். கேக்கட்டும். கல்லை நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க தம்பி. இல்லை, இல்லை, நான் ஒண்ணும் சொல்லலை. அதை இப்போ பேச வேண்டாம். வண்டியை எடுங்க.

கையில இருக்கிற தகட்டை யாரும் பிடுங்காதீங்க. அது இருக்கட்டும். வண்டித் தகரத்துல படுது, கேக்குதுல்ல? நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க. சத்தம் இருக்கான்னு நான் பார்த்துக்கிறேன்.